பேச்சு நின்றுபோன பழைய நண்பருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

அம்மாப்பேட்டையில் நெசவு நூல் கடையில் கணக்கு எழுதியவன் நான். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால், தெருவில் உள்ள பெரியவர்கள் கடிதம் எழுத இன்னமும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அதில் கஷ்டமானது, தேர்தல் சண்டையில் முகம் திருப்பிக்கொண்டவர்களுக்கு எழுதுவது. அதற்கு என் வாத்தியார்கள் இரண்டு அமெரிக்க ஜனாதிபதிகள்: ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்சன்.

1800 தேர்தலில் தோற்ற ஆடம்ஸ், ஜெபர்சன் பதவியேற்ற நாளில் விடிவதற்குள் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இல்லை. பெஞ்சமின் ரஷ் என்ற டாக்டர்தான் இரண்டு பக்கமும் எழுதி எழுதி மனதைக் கரைத்தார். நீங்களும் முதலில் அப்படி ஒரு பொது நண்பரைப் பிடியுங்கள். சம்பந்தி, மைத்துனர் வேண்டாம், பஞ்சாயத்து வைத்துவிடுவார்கள்.

முதல் கடிதம் சின்னதாக இருக்கட்டும். சண்டையைத் தொடாதீர்கள். 1812 ஜனவரி 1 அன்று, 76 வயதில், ஆடம்ஸ் எழுதியது சில வரிகள்தான். நம்ம பக்கத்தில் நெய்த துணி இரண்டு அனுப்புகிறேன் என்று விளையாட்டாக எழுதியிருந்தார். உண்மையில் அது அவர் மகனுடைய சொற்பொழிவுகள், இரண்டு புத்தகம். பொட்டலம் வருமுன் கடிதம் போய்ச் சேர்ந்தது. ஜெபர்சன் நிஜமாகவே துணி என்று நம்பி, தன் ஊர் நெசவைப் பற்றிப் பதில் எழுதினார்: இங்கே வீட்டுக்கு வீடு நூற்பும் நெசவும்தான், முரட்டுத் துணி நிறைய நெய்கிறோம், சன்னரகத்துக்கு உங்கள் பக்கத்தைத்தான் நம்பியிருக்கிறோம், ஆளுக்கு ஓர் ஆடு இருந்தால் குடும்பத்துக்குக் கம்பளி போதும் என்று. தறிச் சத்தத்திலேயே வளர்ந்த எனக்கு அந்தப் பக்கம் கொள்ளைப் பிரியம். நாட்டையே ஆண்ட இரண்டு பேர் துணிக்கதை பேசித்தான் மறுபடி சேர்ந்தார்கள்.

அதனால் நான் இப்படி ஆரம்பித்துக் கொடுப்பேன்: “மாப்ளே, ஏற்காட்டிலிருந்து மருமகன் காபித்தூள் கொண்டுவந்தான். சிக்கரி கலக்காதது. உனக்குத்தான் அது பிடிக்கும். கால் கிலோ தனியாக அனுப்பியிருக்கிறேன். மூட்டுவலி எப்படி இருக்கிறது?” இவ்வளவு போதும்.

கொள்கைச் சண்டை பிறகு வரட்டும், தப்பில்லை. ஒருவரையொருவர் புரியவைக்காமல் நாம் சாகக்கூடாது என்று ஆடம்ஸ் எழுதியது 1813 ஜூலையில், அதாவது ஒன்றரை வருடம் பழகின பின்புதான்.

இழவு விழுந்தால் சுருக்கமாக எழுதுங்கள். 1818-இல் ஆடம்ஸின் மனைவி அபிகெயில் இறந்தபோது, மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்திருந்த ஜெபர்சன், காலமும் மௌனமும்தான் மருந்து என்று எழுதினார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை.

நீங்கள் எப்போதோ திட்டியதை யாராவது கிளறுவார்கள். 1823-இல் ஆடம்ஸ் ஜெபர்சனைத் தாக்கி எழுதிய பழைய கடிதங்கள் அச்சில் வந்துவிட்டன. ஜெபர்சன் முந்திக்கொண்டு, அதை நான் பொருட்படுத்தவில்லை என்று எழுதிவிட்டார். ஆடம்ஸ் வீட்டில் காலைச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கேட்க அதை வாசித்தார்கள். இப்படி ஒன்றை எழுதச் சொல்லி வருபவரிடம் நான் இரண்டாம் தடவை கேட்பதில்லை, உடனே பேனாவைத் திறந்துவிடுவேன்.

கடைசியாக, கணக்குப் பார்க்காதீர்கள். 1812-க்குப் பிறகு ஆடம்ஸ் எழுதியது 109, ஜெபர்சன் எழுதியது 49. பின்கோடு போட்டுத் தபால்பெட்டியில் சேர்த்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். வந்து சேர்ந்ததா என்று பேரனை விட்டு வாட்ஸ்அப்பில் விசாரிக்க வேண்டாம்.