கறுப்பு பீருக்கு ஏற்ற வறுத்த தானியம் எது?

சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர்கள், விற்பனைக்கன்றிச் சொந்தப் பயன்பாட்டிற்காக, வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமமின்றி பீர் தயாரிக்கலாம். ஸ்டவுட், போர்ட்டர் ஆகிய கறுப்பு பீர் வகைகளைத் தயாரிப்போர் நிறத்தை மட்டும் பார்த்துத் தானியம் வாங்கக் கூடாது. வாங்குமுன் சில மணிகளை மென்று பார்ப்பதே சிறந்த வழி.

வறுத்த பார்லி முளைகட்டப்படாதது. அதை மென்றால், சர்க்கரையில்லாக் கோப்பி ஓவின் (பால் சேர்க்காத காப்பி) உலர்ந்த கசப்பு நாவில் நெடுநேரம் நிற்கும். ஐரிஷ் ஸ்டவுட்டின் தனிச்சுவை இதிலிருந்தே வருகிறது. மொத்தத் தானியத்தில் நூற்றுக்கு 10 பங்கு வரை சேர்க்கலாம். 1817-இல் டேனியல் வீலர் காப்புரிமை பெற்ற முறையில் உருவான கறுப்பு மால்ட், மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, ஏறத்தாழக் கருகும்வரை வறுத்துச் செய்யப்படுவது. அளவு மிஞ்சினால் சாம்பல் வாடை அடிக்குமாதலால், நிறத்திற்காக நூற்றுக்கு 1 முதல் 3 பங்கு போதும். சாக்லேட் மால்ட்டில் சாக்லேட் கிடையாது; நிறமும் மணமும் தந்த பெயர் அது. முதன்முறை செய்வோருக்கு நான் பரிந்துரைப்பது இதையே. கசப்பு வேண்டாதவர்கள் உமி நீக்கிய வகையை வாங்கலாம்.

கரிய தானியங்கள் ஊறலின் (வெந்நீரில் ஊறும் தானியக் கலவையின்) அமிலத்தன்மையைக் கூட்டுகின்றன. நம் குழாய் நீர் அதைத் தணிக்கும் அளவுக்குக் கடினமானதன்று. ஆகவே, வெளிர் மால்ட்டை முதலில் ஊறவைத்து, வறுத்ததைக் கடைசி 15 நிமிடங்களில் சேர்ப்பது நல்லது. இங்குள்ள ஈரக்காற்றில் அரைத்த தானியம் விரைவில் நமத்துவிடும். தேவைப்படும் அன்று அரைத்து, மீதியை முழு மணிகளாகவே காற்றுப்புகாத டப்பாவில் வைக்கவும்.