புதிதாக வந்த நாய் வீட்டுக்குள் மூத்திரம் பெய்தால்: மழை ஓயாத ஊருக்கான வழி

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ கொண்டுவந்த நாய்க்கு எது வீடு, எது வெளி என்று தெரியாது. அது பழகிக்கொள்ளக் கூடியதுதான். ஆனால் இலங்கை மலையகத்தில் ஹற்றன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை விடாது. வெளியே கூட்டிப்போனால் நாய் நனைந்துகொண்டு சும்மா நிற்கும், உள்ளே வந்ததும் கட்டிலுக்கடியில் பெய்துவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இதே தொல்லை ஆண்டுக் கடைசி மழையில் வரும். ஆகவே பயிற்சியைத் தொடங்கும் முன் நாய்க்கு நனையாத இடம் ஒன்று வேண்டும்.

அதற்கும் முன்னால், தரையில் கிடப்பதைப் பாருங்கள். பெரிய குட்டையாக இருந்தால் அநேகமாகப் பழக்கக் குறைதான். கதவு நிலையிலும் மேசைக் காலிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தால், நாய் தன் வாசனையைப் பதிக்கிறது. நீங்கள் குனிந்து தடவும்போது உடம்பைத் தாழ்த்திக்கொண்டு சொட்டினால் அது பயமும் பணிவும். படுத்து எழும்பிய இடம் ஈரமாக இருந்தால் தூக்கத்தில் ஒழுகியிருக்கிறது. கருப்பை எடுத்த பெண் நாய்களில் இதைக் காணலாம், மருந்து உண்டு. அடிக்கடி முக்கி முக்கிச் சொட்டுவது, இரத்தம் கலந்து வருவது, திடீரென்று நிறையத் தண்ணீர் குடிப்பது ஆகியவற்றைப் பயிற்சியால் தீர்க்க முடியாது. குடிக்கும் தண்ணீரை ஒரு நாள் அளந்து பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலீற்றரைத் தாண்டினால் மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். சொறிக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோன் மாத்திரையும் தாகத்தையும் மூத்திரத்தையும் கூட்டும். தானாக நிறுத்தாமல் மருந்து தந்தவரிடம் கேளுங்கள். கருப்பை எடுக்காத பெண் நாய், சூடு (இணை சேரும் பருவம்) முடிந்து ஓரிரு மாதத்துக்குள் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓயாமல் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள்.

கருவாட்டுச் சோறும் ஒரு காரணம். உப்புக்குத் தாகம், தாகத்துக்குத் தண்ணீர், தண்ணீருக்கு மூத்திரம். கருவாட்டை நிறுத்தி, இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்கே கொடுத்துவிடுங்கள். குடிக்கும் தண்ணீரை மட்டும் குறைக்க வேண்டாம்.

இனி இடம். இஸ்தோப்புக்குப் பின்னாலோ வீட்டுச் சுவரோரமாகவோ நான்கடிக்கு நான்கடி போதும். மேலே ஒரு கூரைத்தகரத்தைச் சரிவாகப் போடுங்கள். கீழே நான்கு அங்குலம் மண்ணும் மணலும் கலந்து கொட்டி, சுற்றி ஒரு சிறு கான் வெட்டினால் மழைநீர் உள்ளே வராது. பீலிக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் தள்ளி இருக்கட்டும். அந்த இடத்துக்குப் போகும் வழியில் புல்லை ஒட்ட வெட்டிவிடுங்கள். நீண்ட ஈரப் புல்லில் அட்டை இருக்கும். விரலிடுக்கில் அட்டை ஏறினால் நாய் வேலையை முடிக்காமலே திரும்பிவிடும், பிறகு அந்தப் பக்கமே போக மறுக்கும்.

தெருவில் வளர்ந்தது மண்ணையும் புல்லையும் தேடும். கூண்டில் சீமெந்துத் தரையில் வளர்ந்ததற்கோ சீமெந்துதான் கக்கூசு, உங்கள் அறையின் தரையும் அதற்கு அதே மாதிரித்தான் படும். அப்படியான நாய்க்குத் தகரத்தின் கீழ் ஓர் ஓரத்தில் பழைய சீமெந்துக் கல்லொன்றை வைத்துப் பழக்கி, நாளாக ஆக அதன்மேல் மண் தூவிக்கொண்டே வாருங்கள். எந்த நாயானாலும், அதன் மூத்திரத்தைத் துடைத்த துணியை முதல் நாள் அந்த மண்ணில் போட்டு வைத்தால் மோப்பத்திலேயே புரிந்துகொள்ளும்.

முதல் இரண்டு வாரம் கயிற்றில் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும். எழும்பியதும், சாப்பிட்டுக் கால் மணியிலிருந்து அரை மணிக்குள், விளையாடி முடிந்ததும், படுக்கப் போகும் முன். இவை தவிரப் பகலில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. குட்டி என்றால் வயது மாதத்தோடு ஒன்றைக் கூட்டுங்கள், அத்தனை மணித்தியாலம்தான் அதிகபட்சமாக அடக்கும். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் மதியம் வீட்டுக்கு வரும்போது, தாங்கள் சாப்பிட உட்காரும் முன் நாயைக் கொண்டுபோனால் பகல் சமாளிக்கும். குட்டிக்கு அது போதாது, நடுவில் பார்க்க ஆள் வேண்டும்.

அங்கே போனதும் அசையாமல் நில்லுங்கள், ஐந்து நிமிடம். ஒரே சொல்லைச் சொல்லுங்கள், எந்தச் சொல்லானாலும் வீட்டிலுள்ள எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். முடித்த அந்தக் கணமே நகத்தளவு அவித்த முட்டையோ கோழியோ வாயில் வையுங்கள். உள்ளே வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கூலி என்றுதான் நாய் நினைக்கும். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லையா? உள்ளே கொண்டுவந்து அவிழ்த்து விடாதீர்கள். உங்கள் பக்கத்திலேயே ஆறடிக் கயிற்றில் கட்டி வைத்து, கால் மணி கழித்து மறுபடி போங்கள். பலரும் சறுக்குவது இந்தக் கால் மணியில்தான்.

இரவில் டோர்ச்சோடு வீட்டை ஒட்டியே போங்கள், கயிறு கையில் இருக்கட்டும். தேயிலை மலைகளில் சிறுத்தை நாய்களைப் பிடிக்கும். உள்ளே பெய்கிறது என்பதற்காக இரவில் வெளியே கட்டிப்போடுவது அதற்கு இரை வைப்பதுதான்.

உள்ளே பெய்துகொண்டிருக்கையில் கண்டால் கையை ஒருமுறை தட்டுங்கள், உடனே வெளியே கொண்டுபோங்கள். பிறகு கண்டால் துடைப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். மூக்கைத் தேய்த்தாலோ அடித்தாலோ, மனுசர் பார்க்கப் பெய்யக் கூடாது என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். அப்புறம் கயிற்றில் உங்கள் முன்னால் வெளியேயும் பெய்யாது, ஒளிந்து ஒளிந்து உள்ளேதான்.

துடைப்பதிலும் முறை இருக்கிறது. முதலில் பழந்துணியை வைத்து அழுத்தி உறிஞ்சுங்கள், தேய்த்தால் பரவும். என்சைம் உள்ள சலவைத்தூள் ஒரு மேசைக்கரண்டியை ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஈரத்துணியால் மூடிக் கால் மணி விடுங்கள். நுவரெலியாக் குளிர்தண்ணீரில் என்சைம் மந்தமாகத்தான் வேலை செய்யும், கொதிநீரில் செத்துவிடும். பிறகு கழுவி நன்றாகக் காயவிடுங்கள். கட்டில் கால், பலகைத் தரை போன்றவற்றுக்குப் பாதி வினாகிரி, பாதித் தண்ணீர் போதும். மெருகிட்ட சிவப்புச் சீமெந்தில் வினாகிரி வேண்டாம், அமிலம் மெருகைத் தின்றுவிடும். பழைய சீமெந்து மூத்திரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். வெயிலில் மணக்காது, மழை நாளில் ஈரம் ஏறியதும் மணக்கும், நாயும் அதே இடத்துக்கு வரும். நோட்டுச் சரிபார்க்கும் ஊதாக்கதிர் விளக்கை இருட்டில் அடித்தால் பழைய இடங்கள் மினுங்கிக் காட்டும்.

நாயின் மூத்திரத்தாலும் எலிக்காய்ச்சல் தொற்றலாம். தேயிலைச் செடி கீறிய கையால் துடைக்காதீர்கள், கையுறை போடுங்கள். கிருமி போகவேண்டுமானால், மூத்திரத்தைக் கழுவித் துடைத்து முடித்த பிறகு ஒரு பங்கு திரவ புளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, கதவு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பூசுங்கள். மூத்திரத்தின் மேலேயே புளீச் ஊற்றினாலும், வினாகிரியோடு கலந்தாலும் நச்சுவாயு கிளம்பும். நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி உண்டு, விசர் ஊசி போடும்போதே கேட்டுப் பாருங்கள்.

வாசனை பதிக்கும் ஆண் நாய்க்கு விதை எடுத்தால் பெரும்பாலும் குறையும். ஆனால் மறுநாளே நிற்காது, சில வாரம் பொறுக்க வேண்டும். பயத்தில் சொட்டுகிறதைக் கண்டும் காணாததுபோல் விடுங்கள். வேலை விட்டு வந்ததும் குனிந்து தலையைத் தடவாமல், பக்கவாட்டில் குந்தி, அது தானாக வரும்வரை இருங்கள்.

நான்கு வாரம் உள்ளே ஒன்றும் நடக்காவிட்டால் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம். அடைமழை தொடங்கும் வாரத்தில் பழைய பழக்கம் ஒன்றிரண்டு தடவை திரும்பும். அப்போது கயிற்றையும் முட்டையையும் மூன்று நான்கு நாள் மறுபடி எடுத்தால் போதும்.