ஆங்கிலச் சொல்வகைகள்: நம் கரைப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள்

‘ஃபிஷ்’ என்ன வகைச் சொல் என்று ராமநாதபுரம் கடற்கரையில் தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள். யோசிக்காமல் ‘நவுன்’ (பெயர்ச்சொல்) என்று பதில் வரும். வாக்கியத்தைக் காட்டாமல் அப்படிக் கேட்பதே முதல் தவறு. இந்த மூன்றையும் எழுதிப் பாருங்கள்: ‘தே ட்ரை ஃபிஷ்’ (மீன் காயவைக்கிறார்கள்), ‘தே செல் ட்ரை ஃபிஷ்’ (கருவாடு விற்கிறார்கள்), ‘தே ஃபிஷ் அட் நைட்’ (ராத்திரி மீன் பிடிக்கிறார்கள்). முதல் வாக்கியத்தில் ‘ட்ரை’ வெர்ப் (வினைச்சொல்), அடுத்ததில் அதே ‘ட்ரை’ அட்ஜெக்டிவ் (பெயரடை: பெயரை விளக்கும் சொல்). மூன்றாவதில் ‘ஃபிஷ்’ வெர்ப் ஆகிவிட்டது.

தமிழில் மீனை, மீனுக்கு, காய்ந்த, காயவைத்தார்கள் என்று சொல்லின் வாலே அதன் வேலையைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் பல சொற்களுக்கு அந்த வால் இல்லை. உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் நூறு சொற்களை எழுதி எதிரே நவுன், வெர்ப் என்று மனப்பாடம் செய்ய வைப்பது பிள்ளையின் நேரத்தை வீணாக்கும் வேலை.

‘வெர்ப் என்றால் செயல்’ என்ற விளக்கமும் பாதிதான் சரி. ‘தி சீ இஸ் ரஃப்’ (கடல் கொந்தளிப்பாக இருக்கிறது) என்பதில் வெர்ப்புக்கு அடிக்கோடு போடச் சொன்னால் பலர் ‘ரஃப்’ மேல் போடுகிறார்கள். ‘இஸ்’ எந்தச் செயலையும் காட்டாததால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘என் அப்பா மீனவர்’ என்பது வினை இல்லாமலே தமிழில் முழு வாக்கியம் ஆகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் ‘மை ஃபாதர் எ ஃபிஷர்மேன்’ என்று ‘இஸ்’ விழுந்துபோகிறது.

வெர்ப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி, ‘யெஸ்டர்டே’ சேர்த்துப் பார்ப்பது. எந்தச் சொல் உருமாறுகிறதோ அது வெர்ப்: ‘தி சீ வாஸ் ரஃப் யெஸ்டர்டே’. வலை வீசுவதைச் சொல்லும் ‘காஸ்ட்’, அதோடு ‘கட்’, ‘புட்’ போன்றவை உருமாறாது. அங்கே ‘டுமாரோ’ சேர்த்து, ‘வில்’ எந்தச் சொல்லுக்கு முன்னால் வருகிறது என்று பாருங்கள்.

‘லி’யில் முடிந்தால் அட்வெர்ப் (வினையடை: வினையை விளக்கும் சொல்) என்பது அடுத்த பொறி. ‘ஃப்ரெண்ட்லி’, ‘லோன்லி’ இரண்டும் அட்ஜெக்டிவ். ‘ஹார்ட்’ என்பது ‘லி’ இல்லாமலே அட்வெர்ப்பாக வரும். ‘மை ஃபாதர் வொர்க்ஸ் ஹார்ட்’ என்றால் அப்பா கடுமையாக உழைக்கிறார். ‘மை ஃபாதர் ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்று எழுதினால் அப்பா அநேகமாக வேலையே பார்ப்பதில்லை என்று பொருள். விடியுமுன்னே கடலுக்குப் போகும் மனிதருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேண்டாம்.

நன்னூல் படித்தவர்களுக்கு இன்னொரு குழப்பம். அங்கே பெயர், வினை, இடை, உரி என்று 4. ஆங்கிலப் பள்ளி இலக்கணத்தில் 8. உரிச்சொல்லும் அட்ஜெக்டிவும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் ‘மிக’ என்று பொருள் தரும் சால, உறு, தவ, நனி இவற்றை எங்கே வைப்பது? பெயரடை, வினையடை என்ற சொற்களே அட்ஜெக்டிவுக்கும் அட்வெர்ப்புக்கும் பொருந்தும்.

இன், ஆன், அட் போன்ற ப்ரிபொசிஷனில்தான் (பெயருக்கு முன்னால் வரும் இடைச்சொல்) அடி அதிகம். நமக்கு ‘பாம்பன்ல’, ‘பாலத்துல’, ‘ஸ்டேஷன்ல’ எல்லாவற்றுக்கும் ஒரே ‘ல’. ஆங்கிலம் அதை மூன்றாகப் பிரிக்கிறது. ஊருக்குள்ளே என்றால் ‘இன் பாம்பன்’. பாலத்தின் மேலே நின்றால் ‘ஆன் தி பிரிட்ஜ்’. தீவும் அப்படியே, ‘ஆன் தி ஐலண்ட்’. குறிப்பிட்ட ஓர் இடத்தைப் புள்ளியாகச் சொன்னால் ‘அட் தி ஸ்டேஷன்’. ரயில் ‘ஓவர் தி பிரிட்ஜ்’ போகும், படகு ‘அண்டர் தி பிரிட்ஜ்’ போகும்.

காலத்துக்கும் இதே மூன்றுதான். மீன்பிடித் தடைக்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் மாதத்துக்கு ‘இன் ஏப்ரல்’, தேதிக்கு ‘ஆன் ஏப்ரல் 15’, நள்ளிரவுக்கு ‘அட் மிட்நைட்’. 61 நாள் என்று நீளத்தைச் சொல்ல ‘ஃபார்’. இன்றுவரை நீடிப்பதன் தொடக்கத்தைச் சொல்ல ‘சின்ஸ்’: ‘தி போட்ஸ் ஹேவ் பீன் ஐடில் சின்ஸ் ஏப்ரல் 15’ (ஏப்ரல் 15இலிருந்து படகுகள் சும்மா நிற்கின்றன).

வேண்டாத இடத்தில் ப்ரிபொசிஷனைச் சேர்ப்பதும் உண்டு. ‘ராமேஸ்வரத்துக்கு’ என்பதில் ‘க்கு’ இருப்பதால் ‘வி ரீச்ட் டு ராமேஸ்வரம்’ என்று கை தானாக எழுதும். ‘ரீச்’சுக்கு ‘டு’ வராது: ‘வி ரீச்ட் ராமேஸ்வரம்’. ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின் ‘அபௌட்’டும் வராது.