மார்கழிக் குளிருக்கு ஆட்டுக்கால் சூப்

சென்னையில் சனவரி மாத விடியற்காலைகளில் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும் என்பதால், வடநாட்டிலிருந்து வருபவர்கள் இதைக் குளிர் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகும் காற்றில் தங்கிவிடும் ஈரத்தோடு மார்கழிப் பனியும் சேரும்போது, வெயிலுக்கே பழகிய நம் உடம்பு சூடாக ஏதேனும் கேட்கத்தான் செய்கிறது. அதற்கு ஆட்டுக்கால் சூப்பைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை.

சூப் கெட்டியாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சோளமாவைக் கரைத்து ஊற்றும் வழக்கம் பல உணவகங்களில் உண்டு. ஆட்டுக்காலுக்கு அது தேவையே இல்லை. காலில் சதை குறைவு. தோலும் தசைநாரும் குருத்தெலும்புமே மிகுதி. அவற்றில் நிறைந்துள்ள கொலாஜன் என்னும் புரதம் நீரில் நெடுநேரம் வேகும்போது ஜெலட்டினாக மாறிக் கரைவதால்தான், உதடு ஒட்டும் அந்தப் பதம் சூப்புக்குக் கிடைக்கிறது. சரியாக வெந்த சூப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தால் அது களிபோல் உறைந்திருக்கும். உறையவில்லை என்றால் வேகவைத்த நேரம் போதவில்லை, அல்லது தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று கொள்ளலாம்.

நான்கு பேருக்கு நான்கு கால்கள் போதும். கறிக்கடையில் ரோமத்தை நெருப்பில் வாட்டி, துண்டுகளாக வெட்டித் தருவார்கள். அதை நம்பி அப்படியே குக்கரில் போட்டுவிடக்கூடாது. எஞ்சிய ரோமத்தை அடுப்புத் தீயில் காட்டிப் பொசுக்கி, கத்தியால் கருகலைச் சுரண்டி, குளம்பின் பிளவில் ஒளிந்திருக்கும் அழுக்கை நீக்கிய பின், கல் உப்பும் மஞ்சள் தூளும் தேய்த்துத் தண்ணீர் தெளியும்வரை அலசவேண்டும். பிறகு கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கவிச்சியும் நுரையும் பெருமளவு அதிலேயே போய்விடும். இந்த வேலைக்குச் சோம்பினால் எந்த மசாலாவாலும் பிற்பாடு ஈடுசெய்ய இயலாது.

இரண்டு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு மேசைக்கரண்டி தனியா ஆகியவற்றை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடிக்கவும். ஐந்து லிட்டர் குக்கரில் கால்களோடு, தட்டிய சின்ன வெங்காயம் பத்து, பூண்டு எட்டுப் பல், விரல் நீள இஞ்சி, ஒரு தக்காளி, சிட்டிகை மஞ்சள் தூள், கறிவேப்பிலை, பொடியில் பாதி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேர்க்கவும். உப்பைப் பாதியளவே இப்போது போடவும். முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து முக்கால் மணி நேரம் விட்டு, அழுத்தம் தானாக அடங்கிய பின் திறக்கவும். எலும்பிலிருந்து தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் வெந்துவிட்டது. இல்லையென்றால் இன்னும் கால் மணி நேரம் வைக்கவேண்டும்.

மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டு, மீதிப் பொடியைத் தூவி, திறந்தபடியே ஐந்து நிமிடம் கொதிக்கவிடவும். மிளகின் வாசம் நெடுங்கொதியில் ஆவியாகிவிடும் என்பதால்தான் பொடியை இரு பங்காக்குகிறோம். மிளகாய்த் தூள் சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இறுதியில் உப்புச் சரிபார்த்து, நல்லெண்ணெயில் இரண்டு சின்ன வெங்காயத்தைத் தாளித்துக் கொட்டி, கொத்தமல்லித் தழை தூவினால் போதும்.

ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் வீடுகளில் இந்த மாதத்தில் கறி நுழையாது. அங்கே அரைக் கோப்பை பாசிப்பருப்பை அதே பொடி, வெங்காயம், பூண்டுடன் குழைய வேகவைத்துக் கடைந்து, ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி சேர்த்து, மூடாமல் சில நிமிடம் கொதிக்கவிட்டால், பருப்பின் மாவுச்சத்தே அதற்குக் கெட்டித்தன்மை தந்துவிடும்.

ஆட்டுக்கால் சூப் மிஞ்சினால் வெளியில் இரவு முழுவதும் வைக்காமல், ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்தே பரிமாறவேண்டும். அதையே தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால், காலை இடியாப்பத்துக்குப் பாயா தயார்.