மினி டிராக்டரில் ஹைட்ராலிக் ஆயில் கசிவு: சீல் மாற்றியும் நிற்காதது ஏன்?

தக்காளிக் காட்டுக்கும் மாந்தோப்புக்கும் என்று கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஓடும் மினி டிராக்டர்களில் ஆயில் ஒழுகினால், உடனே ஸ்பேனரை எடுத்து ஈரமாக இருக்கும் நட்டை இறுக்கிவிடுகிறார்கள். ஆனால் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. பின்னால் மாட்டும் கருவியைத் தூக்கி இறக்கும் லிஃப்டின் மூடிப் பேக்கிங்கில் கசிந்த ஆயில் ஹவுசிங்கை ஒட்டியே இறங்கி, அந்தக் கருவிக்கு இன்ஜின் சக்தியைக் கொடுக்கும் தண்டான பி.டி.ஓ. ஷாஃப்டுக்கு அடியில் சொட்டும். நன்றாக இருக்கும் பி.டி.ஓ. சீலைத் தட்டி எடுத்து வீணாக்குவது இதனால்தான்.

முதலில் அந்தப் பகுதி முழுவதையும் டீசலால் கழுவித் துடைத்து, காய விடுங்கள். சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து லிஃப்டைப் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்கிவிட்டு, இன்ஜினை நிறுத்திப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ, அதுதான் கசியும் இடம்.

ஹோஸில் கசிவைத் தேட விரலால் தடவவே கூடாது. லிஃப்ட் தூக்கும்போது உள்ளே 150 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். ஊசித்துளை வழியாகப் பீறிடும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட அதிகம் இருக்காது. அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டால் விரலையே இழக்க நேரிடும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் இது. அழுத்தத்தோடு ஆயில் உள்ளே ஏறியது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். தேடுவதற்கு ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்தால் போதும். அதே போல, ரொட்டவேட்டரைத் தூக்கிய நிலையில் வைத்துக்கொண்டு ஹோஸைக் கழற்றாதீர்கள். கருவியைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவரை நாலைந்து முறை முன்னும் பின்னும் தள்ளி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே ஸ்பேனர் போட வேண்டும்.

கசிவு உண்மையிலேயே பி.டி.ஓ. சீலில்தான் என்றால், புது சீல் போடும் முன் பழையது ஏன் போனது என்று பாருங்கள். இராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளிக் காடுகளில் செடி கட்டிய கயிறும், மல்ச்சிங் ஷீட்டும், சொட்டுநீர்க் குழாயும் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை அறுத்துவிடும். அந்தச் சுற்றை முழுக்க வெட்டி எடுக்காமல் போட்டால், புது சீலும் சீக்கிரமே போய்விடும். ஷாஃப்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால், இடமிருக்கும் பட்சத்தில் சீலை 2 மி.மீ. தள்ளி உட்கார வைக்கலாம். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவி, அகலமான குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் சுத்தியலால் அடித்தால் சீல் கோணிவிடும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை: ஹவுசிங்கின் உள்காற்று வெளியேறும் மூடியான ப்ரீதர். நம் செம்மண் புழுதியில் அது அடைத்துக்கொண்டால், சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல்கள் வழியாகத் தள்ளும். சீல் மேல் சீல் மாற்றியும் நிற்காத கசிவுக்கு, பத்து நிமிடத்தில் கழற்றிக் கழுவிவிடக்கூடிய இந்தச் சின்ன மூடியும் காரணமாக இருக்கலாம்.

ஹைட்ராலிக் இணைப்பில் டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள். அங்கே கசிவைத் தடுப்பது மரை அல்ல, ஓ-ரிங்கோ வாஷரோதான். பிய்ந்த டேப் துணுக்கு வால்வில் சிக்கினால் லிஃப்ட் தகராறு செய்யும். நசுங்கிய செப்பு வாஷரை மறுபடி போடுவதும், ஓ-ரிங்குக்குக் கிட்டத்தட்ட அளவு சரி என்று எடுப்பதும் வீண் வேலை. ஓ-ரிங்கின் உள்விட்டம், கம்பித் தடிமன் இரண்டுமே பொருந்த வேண்டும். வெடித்த ஹோஸில் கிளாம்ப் போட்டுச் சமாளிக்க முடியாது, புது ஹோஸ்தான் வழி.

வெளியே ஒரு சொட்டுகூட இல்லாமல் பம்ப் அலறி, ஆயில் நுரைத்தால், பம்புக்கு ஆயில் இழுக்கும் குழாயில் காற்று புகுகிறது என்று பொருள். அந்த இணைப்பின் ஓ-ரிங்கையும், ஆயில் மட்டத்தையும் பாருங்கள். இன்ஜினை நிறுத்தியதும் கருவி மெல்ல இறங்கினால், கசிவு உள்ளே, லிஃப்ட் பிஸ்டன் சீலிலோ வால்விலோ இருக்கும்.

விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு நாலு லிட்டருக்கு மேல் போய்விடும். குறைந்ததை ஈடுகட்டக் கையில் கிடைக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். பல மினி டிராக்டர்களில் கியர், ஹைட்ராலிக், ஆயிலில் மூழ்கியே இயங்கும் ஆயில் பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். வேறு ஆயில் கலந்தால் பிரேக் கிறீச்சிடும், சரியாகப் பிடிக்காது. கையேட்டில் சொன்ன ரகத்தையே ஊற்றி, சமதரையில் கருவியை இறக்கி, இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மட்டம் பாருங்கள். அடுத்த நாள் உழவு முடிந்து வந்ததும், சூடு ஆறுவதற்குள் அதே இடத்தை இன்னொரு முறை துடைத்துப் பார்த்துவிடுங்கள்.