வால்பாறை, மளுக்கப்பாறை வழியாக வாழச்சால்: முதல்முறை கார் ஓட்டுபவர்களுக்கு

ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. சாலை அகலம்தான், பயமில்லை. அதைவிடக் கவனம் கேட்பது மளுக்கப்பாறையில் கேரளாவுக்குள் நுழைந்து வாழச்சால் வரை இறங்கும் காட்டுப்பாதை.

கிளம்பும் முன். டயர், கூலன்ட், ஹாரன் பார்ப்பது வழக்கம்தான். பிரேக் ஆயில் மாற்றி 2 வருடம் தாண்டிவிட்டதா என்றும் பாருங்கள். பழைய ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறி அது ஆவியானால் பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். பெட்ரோல் வால்பாறையிலேயே நிரப்புங்கள்.

ஏற்றம். வளைவுக்குள் போன பிறகு கியர் குறைப்பதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியிருக்கும்போது கிளட்சை மிதித்தால் இழுவை போய், வண்டி பின்னால் உருளும். பலகை கண்ணில் பட்டதுமே கியரைக் குறைத்து, கிளட்சை முழுதாக விட்டபின் திருப்புங்கள்.

இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் ஒன்றல்ல. இடப்பக்கம் திரும்பும்போது நாம் உள்வட்டத்தில் இருக்கிறோம். சாலை அங்கேதான் செங்குத்து. முதல் கியர் போடுங்கள். வலப்பக்கம் என்றால் வெளிவட்டம், பெரும்பாலும் இரண்டாவது போதும். பஸ் இறங்கி வந்தால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள், திரும்ப அதற்கு முழுச் சாலையும் வேண்டும்.

நடுவில் நின்றுபோனால் ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் சத்தம் இறங்கும்வரை கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பிரேக்கை எடுங்கள். ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது கிளட்ச் பிளேட்டைக் கருக்கும் வேலை.

இறக்கம். ஏற என்ன கியரோ இறங்கவும் அதேதான். நியூட்ரல் கூடவே கூடாது. எஞ்சினை அணைத்தால் நாலைந்து மிதியில் பிரேக் கல்லாகிவிடும். காலை பெடலிலேயே வைத்திருக்காமல், அழுத்திவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் வைத்தால், தயவுசெய்து போகும்போது அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குபவர்தான்.

காடு. மளுக்கப்பாறை சாவடியில் நுழைவு நேரம் குறிப்பார்கள். இடையில் இறங்க அனுமதியில்லை. அதனால் பிரேக்கை ஆறவிடுவதெல்லாம் சாவடிக்கு முன்பே. சாலையில் ஈரம் காயாத யானைச் சாணமோ புதிதாக ஒடித்த மூங்கிலோ தெரிந்தால் வேகத்தைப் பாதியாக்குங்கள். யானை தெரிந்தால் தூரத்திலேயே நிற்க வேண்டும். ஹாரன் வேண்டாம், லைட்டை அடித்து அணைப்பது வேண்டாம், எஞ்சின் ஓடட்டும். முன்வண்டியை ஒட்டி நிற்காதீர்கள், ரிவர்ஸ் எடுக்க இடம் வேண்டும். 2022 நவம்பரில் இந்தப் பாதையில் கபாலி என்கிற ஒற்றை யானை எதிரே வந்ததால் ஒரு தனியார் பஸ் சுமார் 8 கி.மீ. ரிவர்ஸிலேயே போனது. குட்டி கடந்துவிட்டது என்று நகராதீர்கள், கூட்டம் பின்னால் இருக்கும். காட்டுமாடும் அப்படித்தான்.

பனிமூட்டத்தில் லோ பீம் மட்டும். மஞ்சள் ஃபாக் லைட் இருந்தால் நல்லது. வெள்ளை எல்இடி பார் வெறும் சுவரைத்தான் காட்டும்.

பிற்சேர்க்கை: ஏஎம்டி கார்கள், அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றுபவை. டி மோடில் விட்டால் வளைவின் நடுவில் தானே கியர் மாற்றி இழுவையை விட்டுவிடும். மேனுவல் மோடுக்கு மாற்றி, ஏற்றத்தில் 1 அல்லது 2 என்று நீங்களே பிடித்து வையுங்கள். ஹில் ஹோல்டு (ஏற்றத்தில் பின்னால் உருளாமல் சில நொடி பிடித்துக்கொள்ளும் வசதி) இல்லாத வண்டியில் ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட்பிரேக் கட்டாயம்.