பட்டா யார் பேரில்? கம்பெனி ஃபைல்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு டாக்குமென்ட் மென்பொருள் அமைத்துக் கொடுப்பது என் வேலை. முன்பெல்லாம் ஓனர்கள் கேட்டது ஒன்றுதான்: பேப்பரைக் குறைக்க வேண்டும். 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்தே ஆர்டர் பார்க்க வழி கேட்டார்கள். இப்போது கேட்பது வேறு. எந்த நூல், எந்த டையிங்கில் (சாயப்பட்டறையில்) எந்த லாட் ஓடியது என்று சரக்கு வாங்கும் பையர் ஆதாரம் கேட்கிறார், அதை உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும். தேவை இவ்வளவு மாறியும், புதிதாக இந்த வேலைக்கு வரும் பையன்கள் நான் அன்று செய்த தவறுகளையே செய்கிறார்கள். பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டாதீர்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும்.

சொந்த ஜிமெயிலில் கம்பெனி ஃபைல்

2018-ல் ஒரு கம்பெனிக்கு நான் இப்படித்தான் அமைத்தேன். பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் ஆளுக்கொரு இலவச ஜிமெயில், 15 ஜிபி இடம், ஃபோல்டரை எல்லாருக்கும் ஷேர் செய்தாயிற்று. செலவே இல்லை என்று ஓனருக்கும் சந்தோஷம்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மெர்ச்சண்டைசர் வேறு கம்பெனிக்குப் போனார். டிரைவ் நிரம்பிவிட்டதால் பழைய ஃபைல்களை அழித்தார். அவர் மேல் தப்பில்லை, அது அவருடைய கணக்கு. கூகுள் டிரைவில் அழித்தது 30 நாள் டிராஷில் இருக்கும், அப்புறம் போய்விடும். எங்களுக்குத் தெரிந்தது இரண்டு மாதம் கழித்து, ரிப்பீட் ஆர்டருக்குப் பழைய லேப் டிப் (சாயம் ஏற்றிய மாதிரித் துணி) அப்ரூவலைத் தேடியபோது. மறுபடி டையிங்குக்கு அனுப்பி, ஷேடு எடுத்து, பையர் ஓகே சொல்வதற்குள் நாள் ஓடிவிட்டது. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது. அந்தக் கூலியைக் கம்பெனிதான் கட்டியது.

போன மாதம் பெருமாநல்லூரில் ஒரு தம்பி இதையே செய்துகொண்டிருந்தான். கேட்டால், "எல்லாருக்கும் ஓப்பன் ஆகுதுங்களேண்ணா" என்றான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஓப்பன் ஆவதால் என்ன? அடுத்தவர் பட்டாவில் வீடு கட்டிக் குடியிருப்பது போலத்தான் இது. இலவசக் கணக்கில் ஏற்றிய ஃபைல், ஏற்றியவருக்கே சொந்தம்.

கம்பெனி டொமைனில் கணக்கு வாங்குங்கள். கூகுளில் ஷேர்டு டிரைவ், மைக்ரோசாஃப்டில் ஷேர்பாயின்ட், ஜோஹோவில் வொர்க்டிரைவின் டீம் ஃபோல்டர், இவற்றில் போட்டால் ஃபைல் கம்பெனிக்குச் சொந்தமாக நிற்கும். எடுக்கப்போகும் பிளானில் அந்த வசதி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஆள் வேலையை விட்டுப் போகும்போது அவர் ஃபைல்களை வேறு ஒருவருக்கு மாற்றிய பிறகுதான் கணக்கை நீக்க வேண்டும். கூகுள் வொர்க்ஸ்பேஸில் நீக்கிய கணக்கை 20 நாளுக்குள்தான் மீட்க முடியும்.

சிங்க் ஆவதை பேக்கப் என்று நம்புவது

சிங்க் என்பது கம்ப்யூட்டரில் இருப்பதும் கிளவுடில் இருப்பதும் ஒன்றாகவே இருப்பது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

ஸ்கேன் செய்துவிட்டுப் பெயர் வைக்காமல் விடுவது

நிட்டிங்குக்கும் டையிங்குக்கும் போன டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) எல்லாம் "ஸ்கேன் 0047" என்று கிடந்தால் யார் தேடுவது? பையர், ஸ்டைல் நம்பர், தேதி, இந்த மூன்றும் ஃபைல் பெயரில் வரட்டும். ஜிஎஸ்டி கணக்குகளை அந்த வருஷத்துக்கான ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் ஆபீஸில் எத்தனை பேர் மாறுவார்களோ!

வாட்ஸ்அப்பில் அப்ரூவல்

பேசிக்கொள்ளுங்கள். ஓகே ஆனதை அன்றைக்கே ஸ்டைல் ஃபோல்டரில் போடுங்கள்.

ஆபீஸுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பது

டெக் பேக் (துணியின் அளவு, டிசைன் விவரம் எல்லாம் உள்ள ஃபைல்) மாறியது மெர்ச்சண்டைசருக்குத் தெரியும். கட்டிங் மாஸ்டர் கையில் இருப்பது போன வாரத்துப் பிரிண்ட். பழைய சைஸ் சார்ட்டில் துணி வெட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதல் நாள் கட்டிங் மாஸ்டர், ஃபேப்ரிக் இன்சார்ஜ் இருவருடைய போனிலும் அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டிவிட்டுத்தான் ஆபீஸுக்குள் போகிறேன்.